அவருக்கு மட்டும் ஊசியா?

"அவருக்குப் போடுவீங்க, எனக்கு மட்டும் மாட்டீங்களா?"

ஃபர்னிச்சர் கடைக்காரர் போட்ட சத்தத்தில், கிளினிக்கில் காத்திருந்த ஏழெட்டுப் பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அவர் நீட்டிய மருந்து பாட்டிலைப் பார்த்துவிட்டு நர்ஸ் குரலைத் தாழ்த்தினார். "டாக்டர் சீட்டு இல்லாம ஊசி போட முடியாது சார். இதை எங்க வாங்கினீங்க?"

"ஜிம்ல ஒரு ஃப்ரெண்ட் கொடுத்தான். டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன். நாப்பது வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு ஆணழகன் போட்டி வருது. ரெண்டே மாசம்தான் இருக்கு."

இறுக்கமான டி-சர்ட்டில் பிதுங்கிய கையை ஒரு தரம் மடக்கிக் காட்டினார். அப்புறம் எதிர் பெஞ்சில் இருந்த தபால்காரரை நோக்கி விரலை நீட்டினார்.

"அவர் கையில இருக்கிற மருந்தைப் பாருங்க. அதே பேரு! அவருக்கென்ன தனிச் சட்டமா?"

எல்லார் கண்ணும் தபால்காரர் மேல் விழுந்தது. முப்பது வயது இருக்கும். ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. அங்கே இருந்த அத்தனை பேர் வீட்டுக்கும் அவர்தான் தபால் கொண்டு போகிறவர்.

நர்ஸுக்குச் சங்கடமாகிவிட்டது. ஒரு நோயாளியின் விஷயத்தை இன்னொருவரிடம் எப்படிச் சொல்வது?

தபால்காரரே எழுந்து வந்தார்.

"மருந்து ஒண்ணுதாண்ணே. ஆனா, என் உடம்புல அது சுரக்கிறதில்லை. எல்லாருக்கும் இருக்கிற அளவுக்கு டாக்டர் அளந்து நிரப்பறாரு. அப்பப்ப ரத்தம் எடுத்துப் பார்த்து, கொஞ்சம் கூடினாலும் குறைச்சிடுவாரு. உங்களுக்குத்தான் வேணுங்கிறது உள்ளேயே ஊறுதே. நிறைஞ்ச தொட்டியில எதுக்கு இன்னும் நாலு குடம் ஊத்தறீங்க?"

"கொஞ்சம் வழிஞ்சா என்ன, குடியா முழுகிடும்?" கடைக்காரர் சிரித்தார்.

தபால்காரர் தயங்கினார். சுற்றி ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"நானும் அப்படித்தான் கேட்டேன். இருபது வயசுல ஜிம்மே கதின்னு கிடந்தேன். இதே மாதிரி ஃப்ரெண்ட் கொடுத்த ஊசிதான். வெளியிலருந்து தாராளமா வருதேன்னு உடம்பு சொந்தமாச் சுரக்கிறதையே நிறுத்திடுச்சு. ஊசியை விட்டதும் சதை கரைஞ்சுது, தெம்பு போச்சு. குழந்தை பொறக்கிறதும் கஷ்டம்னுட்டாங்க. சில பேருக்கு மறுபடி சுரக்குமாம். எனக்குச் சுரக்கலை."

கடைக்காரரின் சிரிப்பு நின்றது.

"அப்ப உங்க கை... என் அளவுக்கு இருந்துச்சா?"

"ஒண்ணரை மடங்கு."

குச்சி போன்ற அந்தக் கையைக் கடைக்காரர் வெகுநேரம் பார்த்தார். மருந்து பாட்டிலை நர்ஸின் மேஜைமேல் மெதுவாக வைத்தார்.

"இதை நீங்களே தூக்கிப் போட்டுடுங்க சிஸ்டர். இருக்கிற உடம்போட போட்டிக்குப் போறேன். தோத்தா தோத்துட்டுப் போறேன்."

அவர் படியிறங்கிப் போனதும் பெஞ்சில் முணுமுணுப்பு ஆரம்பித்தது.

"பாவம், நோஞ்சான்னு நினைச்சேன். தானா தேடிக்கிட்டதா இது?" என்றார் ஓர் அம்மா, காதில் விழுகிற மாதிரியே. பக்கத்தில் இருந்தவர் தன் பையை எடுத்து, தபால்காரர் உட்கார்ந்திருந்த இடத்தில் வைத்துக்கொண்டார்.

தபால்காரர் ஊசி அறைக்குள் போனார். நர்ஸ் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினார்.

"ஏம்ப்பா, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? பதினாலு வயசுலருந்து நான்தான் உனக்கு ஊசி போடறேன். பொறந்ததுலருந்தே உனக்கு அது சுரக்கலை. ஜிம் வாசப்படியை என்னைக்காவது மிதிச்சிருக்கியா நீ? இத்தனை பேர் முன்னால உன் பேரை நீயே கெடுத்துக்கிட்டு... உள்ளதைச் சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

தபால்காரர் சிரித்துக்கொண்டே குப்புறப் படுத்தார்.

"உள்ளதைச் சொல்லியிருந்தா என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருப்பாருக்கா. பயந்திருக்க மாட்டாரே!"