காலை ஏழு முதல் பத்து வரை

"மூணு எட்டு, ரெண்டு ராஜா. மாத்தவே வேண்டாம், விழுந்ததே ஃபுல் ஹவுஸ். அந்த மகராசி என்ன பண்ணுச்சு தெரியுமா? மூணு எட்டையும் தூக்கிப் போட்டுட்டு ராஜா ரெண்டை மட்டும் வெச்சுக்கிச்சு."

நார்பெர்ட் தலையில் அடித்துக்கொண்டார். முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். யாராவது தப்பான பக்கம் திரும்பினால் இன்னும் அவருக்குத் தாங்காது.

"ஏன்னு கேட்டியா?" என்றார் லூப்பே, அவருடைய சீட்டுக் கூட்டாளி.

"கேட்டேன். எட்டு பாக்கவே குண்டா இருக்காம்."

ஹென்டர்சன் ஊரில் எங்கள் டின் டாங்கி கேசினோவில் பழைய வீடியோ போக்கர் மெஷின் அது ஒன்றுதான் மிச்சம். மாதத்துக்கு ஒன்றாக நான்கு போய்விட்டன. மற்றதெல்லாம் புதுசு. தொடுதிரை, பளபளப்பு, பாட்டு. ஆட்டம் என்னவோ அதேதான்: ஐம்பத்திரண்டு சீட்டில் ஐந்து விழும், வேண்டாததைப் போட்டுவிட்டு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். கொடுக்கிற கைதான் சிறுத்துவிட்டது. ஃபுல் ஹவுஸ் விழுந்தால் பழையது ஒன்றுக்கு ஒன்பது தரும். புதியது ஆறு. பழையது எஃகுத் தட்டில் கலகலவென்று காசைக் கொட்டும். புதியது ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டும்.

அதனால் நார்பெர்ட், லூப்பே, இன்னும் மூன்று கிழங்கள், எல்லோருக்கும் அந்தப் பழையதுதான் வேண்டும். முறை வைத்து ஆடுவார்கள். ஒருவர் ஜெயித்தால் ஐந்து பேரும் சிரிப்பார்கள். இதையும் ஒருநாள் தூக்கிவிடுவார்களோ என்பதுதான் அவர்களுடைய ஒரே பயம்.

ஆனால் காலை ஏழு முதல் பத்து வரை அது, எட்டைத் தூக்கிப் போட்ட அந்த மகராசி ரோவீனாவுடையது. எழுபத்தாறு வயது, ஒற்றை ஆள். கழிவறைக்குப் போனாலும் நாற்காலியை மெஷின் மேல் சாய்த்து வைத்துவிட்டுத்தான் போவார். சாய்ந்த நாற்காலியை யாரும் தொடக் கூடாது. இந்த ஊரில் அது சட்டம் மாதிரி.

"புதுசு முப்பது சும்மாதானே கிடக்கு, அம்மணி? அங்க போய்த் தோக்கக் கூடாதா?" என்று நார்பெர்ட் போன வாரம் நேரிலேயே கேட்டார்.

"அதுல ராஜா சிரிக்கிறார்," என்றார் ரோவீனா, திரும்பாமல். "ராஜான்னா சிரிக்கக் கூடாது."

பத்து மணிக்கு எழுந்து, சாப்பாட்டுக் கவுண்டரில் ஒரு துண்டு பீச் பை பலகாரம் வாங்கிக்கொண்டு தனியே உட்காருவார். பின்னால் ஐந்து பேர் போடும் கூச்சல் ஓயும்வரை அந்த ஒரு துண்டு தீராது.

அன்று நார்பெர்ட் ஒரு மனுவே எழுதிவிட்டார். ஒருவருக்கு ஒரு மணி நேரம்தான், அதற்கு மேல் கூடாது. கீழே ஐந்து கையெழுத்து.

"பாவம்யா அது," என்றார் லூப்பே, கையெழுத்துப் போட்டபடியே.

மேலாளர் காரெத் படித்துப் பார்த்தான்.

"ரோவீனாம்மாவை எழுப்பிவிடணும். அதானே?"

"அவங்க ஆடறது ஆட்டமே இல்ல தம்பி. நல்ல மெஷினுக்கு அவமானம்."

காரெத் கணினியை அவர் பக்கம் திருப்பினான். "மத்த நாலையும் ஏன் தூக்கினேன்னு நினைக்கிறீங்க, பெரியவரே? உங்களை மாதிரி ஆளுங்களாலதான். ஒரு தப்புப் பண்ண மாட்டீங்க. நீங்க குடிக்கிற இலவசக் காபிக்குக்கூடக் கட்டுப்படியாகல."

நார்பெர்ட் திரையை எட்டிப் பார்த்தார். "அப்போ இதுவும்..."

"போன வெள்ளிக்கிழமையே மேலிடத்துல எடுக்கச் சொன்னாங்க. கணக்கைப் பாத்துட்டு விட்டுட்டாங்க. லாபத்துல ஓடுதாம்." திரையில் ஓர் இடத்தில் விரலை வைத்தான். "அந்த லாபம் மொத்தமும் காலைல ஏழுலேர்ந்து பத்து வரைக்கும். அவங்களை எழுப்பினா, பின்னாடியே மெஷினும் எழுந்து போயிடும். இப்போ சொல்லுங்க, மனுவை வாங்கிக்கட்டுமா?"

நார்பெர்ட் மனுவை நாலாக மடித்தார். எட்டாக மடித்தார். சட்டைப் பைக்குள் அமுக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

விஷயத்தைக் கேட்ட லூப்பேவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "அப்போ இத்தனை நாளா நம்மளைக் காப்பாத்தினது அந்த அசடுதானா?"

"மெதுவாப் பேசு. காதுல விழுந்தா ஒழுங்கா ஆடக் கத்துக்கப் போகுது."

பத்து மணி. ரோவீனா எழுந்தபோது நார்பெர்ட் ஓடிப்போய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கும் வாங்க, அம்மணி. அவசரமே வேண்டாம். உங்க இஷ்டப்படி ஆடுங்க."

ரோவீனா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உடம்பு சரியில்லையா உங்களுக்கு?"

நார்பெர்ட் உட்கார்ந்து முதல் ஆட்டத்தைத் தொடங்கினார். ராணி, ஜாக்கி, பத்து, நாலு, எல்லாம் ஹார்ட். ஐந்தாவது உதவாத ஒரு கிளாவர் ரெண்டு. மனம் இன்னும் மேலாளர் அறையிலேயே இருந்தது. நான்கு ஹார்ட்டையும் வைத்துக்கொள்ள விரலைக் கொண்டுபோனார்.

"நாலாம் நம்பர் சீட்டையும் போட்டுடுங்க," என்றது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். "பத்து, ஜாக்கி, ராணி. மூணு மட்டும் போதும்."

எந்தக் கைக்கு எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று அச்சடித்த அட்டை ஒன்று லூப்பேவிடம் எப்போதும் இருக்கும். எடுத்து, வரி வரியாக விரலை ஓட்டினார். அட்டையும் அதையேதான் சொன்னது.

நார்பெர்ட் மெல்லத் திரும்பினார்.

"உங்களுக்கு... ஆடத் தெரியுமா?"

ரோவீனா அதற்குள் கவுண்டரைப் பார்த்து நடக்கத் தொடங்கியிருந்தார்.

"நீங்க அஞ்சு பேரும் ஒழுங்கா ஆடுங்க," என்றார். "தப்பா ஆடற வேலையை நான் காலையிலேயே முடிச்சாச்சு."