மஞ்சள் தொப்பி இல்லாமல்

“வழிகாட்டி கிடையாது. கூட்டம் கிடையாது. மஞ்சள் தொப்பி கிடையவே கிடையாது,” என்றார் சர்வேயர். நாற்பத்தெட்டுப் பக்கத் திட்டத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

எதிரே அவர் மனைவி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்பு மையில் ஒரு சுழி போட்டுவிட்டு, “எப்ப கிளம்பணும்?” என்றாள்.

“சனிக்கிழமை. பதினொன்றரைக்கு மேல வாசல்ல யாரையும் உள்ள விட மாட்டாங்க. அதுக்குள்ள ஏறிடணும்.”

மலை உச்சியில் இருந்த அந்தப் பழைய நகரம் உலகப் புகழ் பெற்றது. கல் மதில், கூரை போன அரண்மனை, ஆயிரத்து நூறு படிகள். மூன்று வருடமாகத் திட்டம் போட்டார். அடுத்த மாதம் அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு படி என்ற பேச்சே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்தச் சனிக்கிழமையை விட்டால் மலை படத்தில் மட்டும்தான்.

படமும் சகலை வீட்டில்தான் இருந்தது. சகலை போன வருடம் ஒரு பயண நிறுவனத்தோடு போய்வந்தார். கொடி பிடித்த ஒருவர் பின்னால் நாற்பது பேர், எல்லார் தலையிலும் மஞ்சள் தொப்பி. அதை வரவேற்பறையில் மாட்டியிருந்தார். பார்க்கும்போதெல்லாம் சர்வேயருக்கு முழங்கால் கூடுதலாக வலித்தது.

“வரிசையில நிக்க வெச்சு, தலை எண்ணி, ஓட்டிக்கிட்டுப் போறதெல்லாம் பயணமா? உங்க ஸ்கூல் டூர் மாதிரி. எல்லாத்தையும் நாமளே கண்டுபிடிக்கணும். அதுலதான் விஷயமே இருக்கு.”

“சரிங்க.”

“வடக்குப் பாதையில ஏறுறோம். நானூறு மீட்டர் நடை மிச்சம்.”

“அது மூடியிருந்தா?”

“மலையை யாரும்மா மூடுவா?” மனைவிக்குப் பழைய கற்களில் ஆர்வம் கிடையாது என்று அவர் என்றோ முடிவு கட்டியிருந்தார்.

“நான் ஒண்ணு சொல்றேன்...”

“அப்புறம் சொல்லு.”

அந்த வீட்டில் அப்புறம் என்பது நீண்ட காலம். அவள் அடுத்த விடைத்தாளை எடுத்தாள்.

சனிக்கிழமை காலை வடக்குப் பாதையின் வாயிலில் பூட்டுத் தொங்கியது. பாறைச் சரிவு, பாதை நிரந்தரமாக மூடப்பட்டது என்று பலகை சொன்னது. பலகையே துருப்பிடித்திருந்தது. சர்வேயர் திட்டத்தின் பதினேழாம் பக்கத்தைப் புரட்டினார். பதினெட்டையும் புரட்டினார்.

நிமிர்ந்தபோது மனைவி சாலையைக் கடந்து எதிரே இருந்த பாதையில் போய்க்கொண்டிருந்தாள்.

“எங்க போற?”

“இதுவும் மேலதானே போகுது?”

அவர் வரைபடத்தைத் திருப்பிப் பார்த்தார். போகத்தான் செய்தது. “நானும் அதைத்தான் நெனச்சேன்,” என்றார்.

ஒரு தகரக் கொட்டகை அருகே அவள் நின்றாள். “இங்க பாத்ரூம் போயிட்டு வந்துடுங்க.”

“எனக்கு வரல.”

“வரலேன்னாலும் போயிட்டு வாங்க.”

அந்தக் குரலில் ஏதோ இருந்தது. ஐம்பத்தாறு வயதில் அவர் மறுபேச்சு இல்லாமல் போய்விட்டு வந்தார்.

முந்நூறாவது படியில் முழங்கால் வேலைநிறுத்தம் செய்தது. அவள் அவரை ஒரு பாறை நிழலில் உட்காரவைத்து, பையிலிருந்து ரொட்டியும் தண்ணீரும் முழங்காலுக்குக் கட்டுத் துணியும் எடுத்தாள்.

“ஓரமா ஏறுங்க, நடுவுல வழுக்கும். பேசாம ஏறுங்க, பேசினா மூச்சு வாங்கும்.”

பெண்களுக்கு இயல்பாக வரும் பயம் என்று சர்வேயர் அதை எடுத்துக்கொண்டார். அவள் மனம் நோகக் கூடாதே என்று ஓரமாகவே ஏறினார். பேசவும் இல்லை.

பதினொன்று இருபதுக்குக் கடைசி வளைவில் மதில் தெரிந்தது. மூச்சு திரும்பியதும் அவர் செய்த முதல் காரியம், சகலைக்குப் போன் போட்டதுதான்.

“சகலை, மேல வந்தாச்சு. கொடி இல்ல, தொப்பி இல்ல, ஒருத்தன் உதவி இல்ல. எல்லாம் சொந்த மூளை.”

“உங்க வீட்டுல எப்படி ஏறினாங்க?”

“அவளா? என் பின்னாலயே வந்துட்டா.”

பத்துப் படி மேலே நின்றிருந்த மனைவி, சீக்கிரம் வரச் சொல்லி இரண்டு தரம் கை தட்டினாள். அவர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு வேகமாக ஏறினார்.

மதில் வாசலில் நீல உடுப்புக் காவலாளி மரக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தார். அவள் ஒதுங்கி நின்று கணவரை முன்னால் விட்டாள். சர்வேயர் அனுமதிச் சீட்டை நீட்டினார். போதாதென்று நாற்பத்தெட்டுப் பக்கத்தையும் நீட்டினார்.

காவலாளி எதையும் வாங்கவில்லை. சர்வேயரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்து, சாத்திய கதவை அகலத் திறந்தார். இன்னும் யாராவது வருகிறார்களா என்று வளைவு வரை கண்ணை ஓட்டினார்.

“வாங்க டீச்சர். இந்த வருஷம் ஒருத்தர்தானா?”