காலியாகக் கிடந்த பெஞ்சு

எழுப்புதல் கூட்டம் நடத்த அந்தக் கால்வாய்க்கரை ஊருக்கு நியூயார்க்கிலிருந்து வந்திருந்த பிரசங்கியார், மனந்திரும்பாதவர்களைப் பெயர் சொல்லி ஜெபிப்பவர். பெயர் வந்தவர் எழுந்துபோய், பிரசங்க மேடைக்குக் கீழே அதற்கென்றே காலியாகக் கிடக்கும் பெஞ்சில் உட்கார வேண்டும். "கொல்லன் ஹைரமுக்கு இரங்கும், ஆண்டவரே," என்று அன்று தொடங்கினார். "பிள்ளையை அடக்கம்பண்ணின நாள்முதல் இவன் ஜெபத்தில் வாயை மட்டும் அசைக்கிறான்." தொட்டிலைப் பரணில் ஏற்றிய அன்று ஹைரம் இந்த வாயசைப்பைப் பற்றித் தன் மனைவி லவினியாவிடம் மட்டும் சொல்லியிருந்தான். திரும்பி, பக்கத்தில் இருந்த அவளைப் பார்த்தான். கண்களை இறுக மூடி, ஊருக்கே கேட்கும்படி ஆமென் சொல்லிக்கொண்டிருந்தாள். "நீயா சொன்ன?" என்றான். "உங்க ஆத்துமாவுக்காகத்தாங்க சொன்னேன்," என்றாள், கண்ணைத் திறக்காமலே. ஹைரம் எழுந்தான். வாசலுக்குப் போவதென்றால் அவள் முழங்கால்களை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். மறுபக்கமோ மேடைக்குத்தான் போகும். அந்தப் பக்கமாகவே நடந்து பெஞ்சில் போய் உட்கார்ந்தான். ஆலயம் முழுக்க அல்லேலூயா எழுந்தது. லவினியா சந்தோஷத்தில் விம்மினாள். பிரசங்கியார் அவன் தலையில் கை வைத்து ஜெபிக்கத் தொடங்கினார். இந்த முறை ஹைரம் வாயையும் அசைக்கவில்லை.