நேரலைக்கு வந்த ஒருவர்

பூனையிடமிருந்து தப்பும் வழிகளை எலி ஆசிரியை வளைக்குள் பாடமாக நடத்தி, அதைக் கைப்பேசியில் நேரலையாகவும் விட்டார். ஒரு மாதமாக அதை எட்டிப்பார்க்க ஆளில்லை. இன்று ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். இதயக்குறி வேறு போட்டார்.

"யாரு டீச்சர் அது?" என்று கேட்டது முன்வரிசைச் சுண்டெலி.

"யாரோ, படிப்புல அக்கறை உள்ளவர்."

உடனே திரையில் ஒரு கேள்வி வந்தது: "அருமையான பாடம். உங்கள் பின்வாசல் எந்தப் பக்கம்?"

"சொல்லாதீங்க டீச்சர்!" சுண்டெலி அவர் வாலைப் பிடித்து இழுத்தது.

"சும்மா இரு. இந்த வருஷம் நீங்க யாராவது பாடத்துல ஒரு சந்தேகம் கேட்டிருக்கீங்களா?"

ஆசிரியை கைப்பேசியைப் பின்வாசல் பக்கம் திருப்பி, வெளியே நின்ற முருங்கை மரம்வரை காட்டினார். பார்ப்பவர் எண்ணிக்கை பூஜ்யமானது. பிள்ளைகள் மூச்சுவிடாமல் வாசலையே பார்த்தன.

"அதுக்குள்ள போயிட்டாரே!" என்று ஆசிரியை வருந்தினார்.