பேக்எண்ட் பார்ப்பவர்

பட்டனை அழுத்தினால் எதுவும் வரவில்லை. திரையில் தெரியும் பட்டனிலிருந்து பின்னால் ஓடும் பேக்எண்ட் வரை எல்லாவற்றையும் அவன் ஒருவன் தலையில் கட்டிவிட்டு, "நீதான் ஃபுல் ஸ்டாக் ஆச்சே!" என்று மேனேஜர் நழுவியிருந்தார். காலையிலிருந்து மண்டை காய்ந்தவன், பேக்எண்டுக்கு வேறு ஆள் இருந்த பழைய கம்பெனிப் பழக்கத்தில் ஆபீஸ் சாட் குழுவில் எரிந்து விழுந்தான்: "பேக்எண்ட் பாக்குறவரே, தூங்குறீங்களா?"

அனுப்பிய பிறகுதான் அந்த ஆளும் தானே என்பது உறைத்தது. அழிப்பதற்குள் அவன் பெயரிலேயே பதில் வந்தது.

"என் பக்கம் சரியா இருக்கு. உங்க பக்கத்தைப் பாருங்க."

பார்த்தான். பிழை பட்டனில்தான்.

எவனோ விளையாடுகிறான் என்ற கடுப்போடு வீட்டுக்குப் போன் செய்தான். "இன்னிக்கும் லேட்டாகும்மா."

"பரவால்ல," என்றது மறுமுனையில் அவனுடைய குரலே. "வீட்டை நான் பாத்துக்கறேன்."

"யாருங்க போன்ல?" என்று மனைவி கேட்பது பின்னால் கேட்டது.

"ஆபீஸ்லேருந்தும்மா."