முப்பத்தோராம் நாள் மலர்

"எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு விண்டோஸை மட்டும் புதுசாப் போடட்டோ அண்ணை? அரை மணித்தியாலத்திலை தந்திடுவன்."

"ஐயோ, அழிச்சுக்கிழிச்சுப் போடாதை தங்கச்சி!" கிருபானந்தன் மடிக்கணினியை இரண்டு கைகளாலும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

சிவாஜினிக்குச் சிரிப்பு வந்தது. பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு பலசரக்குக் கடையின் பின்னறையில் இருந்து அவள் கணினி திருத்துகிறாள். அவர் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்குகிறவர். வேலை முடிந்து நேரே வந்திருந்தார். சப்பாத்தில் கோவா இலை ஒட்டியிருந்தது.

"சரி, நான் தொடேல்லை. என்ன நடந்தது எண்டு சொல்லுங்கோ."

"முந்தி இதைப் போட்ட உடனை கறுப்புத் திரையிலை ஒரு மெனு வரும். மேலை லினக்ஸ், கீழை விண்டோஸ். பிள்ளையளுக்கு விண்டோஸ், எனக்கு லினக்ஸ். போன மாதம் மகன் வந்து நிண்டவன். 'ஒவ்வொருக்காலும் பத்து செக்கன் வீணாப் போகுது' எண்டு என்னவோ தட்டினான். அண்டையிலிருந்து மெனு இல்லை. நேரே விண்டோஸ்தான் வருது."

"அவரையே கேட்டிருக்கலாமே?"

"கேட்டனான். 'அதை எடுத்துப்போட்டன் அப்பா, ஒருதரும் பாவிக்கிறேல்லைத்தானே' எண்டான். நான் பாவிக்கிறது அவனுக்கெங்கை தெரியும்?"

"உங்கடை பக்கத்திலை அப்பிடி என்ன வைச்சிருக்கிறியள்?"

"முப்பத்தோராம் நாள் மலர்."

சிவாஜினியின் கை நின்றது. செத்தவீட்டுக்குப் பிறகு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கிற நினைவுப் புத்தகம் அது. முகப்பில் படம், உள்ளே தேவாரம், கடைசியில் குடும்பத்தாரின் புலம்பல். துருவிக் கேட்பது அழகில்லை என்று தெரிந்தும் கேட்டாள்.

"வீட்டிலையோ அண்ணை?"

"ஓம், வீட்டிலைதான்."

"என்ன வயசு?"

"அறுபத்திமூண்டு. ஈரலிலை கான்சர். பிந்தித்தான் கண்டுபிடிச்சவை."

"பாவம். அந்தியேட்டி எப்ப?"

"நாள் இன்னும் சரிவரேல்லை."

"ஆரும் வெளியிலை இருந்து வரவேணுமோ?"

"மகன் கல்கரியிலை இருந்து வரவேணும். லீவு பாத்துத்தான் வருவான்."

அவள் பேச்சை மாற்றினாள். "புத்தகத்தைப் பிள்ளையள் எழுதலாம்தானே அண்ணை? ஏன் நீங்கள் கிடந்து பாடுபடுறியள்?"

"அவைக்குப் பிரெஞ்சு வரும், இங்கிலீசு வரும். தமிழிலை 'சாப்பிட்டாச்சு' மட்டும் வரும்." அவரே சிரித்துக்கொண்டார். "நானே அம்பது வயசிலைதான் கோயில் வகுப்பிலை எழுத்துப் படிச்சனான். ஒரு பக்கம் அடிக்க ஒரு கிழமை போகும். பதினாறு பக்கம் தங்கச்சி. வேறை எங்கையும் பிரதி இல்லை. இனித் திரும்ப அடிக்க ஏலாது. செவ்வாய்க்கிழமைக்கு முந்தி முடிக்கவேணும்."

"செவ்வாய்க்கிழமை என்ன?"

"ஆசுபத்திரியிலை ஒரு அலுவல் கிடக்கு."

அவள் கணினியை நிறுத்தி, மறுபடி போட்டு, ஒரு விசையைப் படபடவென்று தட்டினாள். தொடங்கும் வரிசையைக் காட்டும் திரை வந்தது. அதில் விண்டோஸின் பெயர் மட்டும்தான் இருந்தது.

"உங்கடை மகன் பேரை மட்டும் எடுத்தவரோ, உள்ளை இருந்ததையும் சேத்து அழிச்சவரோ தெரியாது. பேர் எண்டா பரவாயில்லை, திருப்பிப் போடலாம். மற்றது எண்டா..."

அவர் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

அவள் யுஎஸ்பி ஒன்றைச் செருகி, அதிலிருந்து கணினியைத் தொடக்கினாள். வன்தட்டின் படம் திரையில் விரிந்தது. விண்டோஸுக்கு ஒரு நீளமான துண்டு, அதன் பக்கத்தில் லினக்ஸுக்கு ஒரு சின்னத் துண்டு.

"இருக்கு அண்ணை! மெனுவைத்தான் எடுத்திருக்கிறார். உங்கடை பக்கம் அப்பிடியே கிடக்கு."

"அதையும் அழிக்க அவனுக்கு நேரம் காணாமல் போயிருக்கும். ரெண்டு நாளிலை கல்கரிக்குத் திரும்பிப் போயிட்டான்."

அவள் நாலைந்து வரி கட்டளை அடித்தாள். தொடக்க நிரலைத் திரும்ப ஏற்றினாள். வரிசையில் லினக்ஸை மேலே தூக்கி வைத்தாள். யுஎஸ்பியைக் கழற்றிவிட்டுக் கணினியை மறுபடி போட்டாள்.

கறுப்புத் திரை. லினக்ஸ், விண்டோஸ். கீழே பத்து, ஒன்பது, எட்டு என்று எண் குறைந்தது.

"வந்திட்டுது!" கிருபானந்தன் முந்திக்கொண்டு என்டரை அமத்தினார். தமிழில் எழுதிய முகப்பு வந்தது. நடுவில் ஒரேயொரு கோப்பு.

"சரியாத் திறக்குதோ பாப்பம்" என்று சிவாஜினி அதைச் சொடுக்கினாள்.

மலரின் முகப்புப் படத்தில் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, அவளுக்கு முன்னால் கோவா இலை ஒட்டிய சப்பாத்தோடு இருக்கிற அதே மனிதர். தோற்றம் என்பதற்கு நேரே திகதி இருந்தது. மறைவு என்பதற்கு நேரே வெறும் புள்ளிகள்.

அவள் வாய் திறக்க முன்னமே அவர் கையை நீட்டிக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளினார். 'எங்கள் ஆசை அப்பாவே' என்று தொடங்கிய புலம்பலின் கீழே, மகன் விதுர்சன், மகள் தாட்சாயினி என்று இருந்தது.

"நீ ஒருக்கா வாசிச்சுச் சொல்லு தங்கச்சி," கிருபானந்தன் கதிரையைக் கிட்ட இழுத்தார். "பிள்ளையள் அழுது அழுது எழுதினது போலை இருக்கோ?"