சுத்த சைவம்

தத்தெடுக்கும் படிவத்தில் உணவுப் பழக்கம் என்ற கட்டத்துக்கு வந்ததும் அவள் பேனாவை அழுத்திப் பிடித்தாள்.

சுத்த சைவம் என்று எழுதினாள். அடியில் ஒரு கோடும் போட்டாள்.

ஜாதகத்தோடு கொடுத்தனுப்பும் குறிப்பில் எழுதுவோமே, அந்தப் பெருமையோடு. வீடு எப்படி, ஆட்கள் எத்தனை, மாடியில் வலை அடித்திருக்கிறதா என்று இத்தனை கேள்வி கேட்கிறார்கள். பூனைக்கும் வரன்தானே பார்க்கிறார்கள்!

பூனை அவள் மடியில் தூங்கியது. சாம்பல் நிறம். ஒரு காது நுனியில் மட்டும் வெள்ளை.

பாளையங்கோட்டைக்கு வெளியே இருந்த அந்தப் பூனைக் காப்பகத்துக்கு அவள் வருவது இது மூன்றாவது சனிக்கிழமை. மூன்று முறையும் அதுவாகவே வந்து மடியில் ஏறிக்கொண்டது. கணவர் போய் ஆறு வருடம். வீட்டில் அவளைத் தேடி வர ஓர் ஈ காக்கை கிடையாது. இது வந்தது. அவளுக்கு இது வேண்டும்.

காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் எஸ்தர் தாளை வாங்கிப் படித்தாள். கோடு போட்ட இடத்தில் நின்றாள்.

“அம்மா, பால்சோறும் தயிர்சோறுமா போட்டா பூனை இருக்கும். கண்ணு இருக்காது.”

முன்பு வளர்த்த வீட்டார் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். பார்வை மங்கத் தொடங்கியதும் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். கடைத் தீனியை இது மோந்துகூடப் பார்ப்பதில்லை. தினமும் அவித்த மீன் வேண்டும். அதற்குச் சம்மதித்தால்தான் பூனை.

நிதானமாக யோசித்துவிட்டுச் சொல்லச் சொல்லி எஸ்தர் உள்ளே போனாள். திங்கட்கிழமை இன்னொரு குடும்பம் பார்க்க வருகிறதாம்.

அவளுடைய அடுப்படியில் முட்டை ஓடுகூட விழுந்ததில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் மகள் வடிவு, கல்யாணம் செய்துகொண்டு வாசலில் வந்து நின்றாள். பக்கத்தில் அந்தப் பையன். தூத்துக்குடிக் கடற்கரைக்காரன்.

மீன் வாடை என் வீட்டுக்குள் வரக்கூடாது என்று அவள் சொன்னாள்.

வடிவு கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்வாள். மணி அடித்து ஓயும்வரை இவள் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமாம். மூன்று வருடமாக இவளும் மூடிக்கொண்டுதான் இருந்தாள்.

பூனை தூக்கத்தில் புரண்டு, முகத்தை அவள் சேலை மடிப்புக்குள் புதைத்துக்கொண்டது.

அடுப்படியில் தனியாக ஒரு சட்டி வைத்துக்கொள்ளலாம். பின்கட்டில் ஒரு சின்ன அடுப்பு போட்டுக்கொள்ளலாம். மனசு ஒவ்வொன்றாக வழி சொல்லிக்கொண்டே போனது.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பூனைக்குக் காணக் கிடைத்த வழி, பெற்ற பிள்ளைக்குக் கிடைக்காமலா போயிருக்கும்? தேடினால்தானே?

பூனை எழுந்துவிடாதபடி மெல்லக் கையை நீட்டிப் பையிலிருந்து போனை எடுத்தாள்.

இரண்டாவது மணியிலேயே வடிவு எடுத்துவிட்டாள்.

“அம்மா?”

குரலில் பயம் இருந்தது. யாருக்கும் ஒன்றுமில்லை என்று முதலில் சொல்லியிருக்கலாம். இவளுக்குத் தோன்றவில்லை.

“ஏளா வடிவு, மீனை எப்படி அவிக்கணும்?”

அந்தப் பக்கம் குக்கர் விசில் மட்டும் ஒருமுறை கேட்டது.

“யாருக்கும்மா?”

அவள் பூனையின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

“இப்போதைக்குப் பூனைக்கு.”